நீலப் படகுக்கு வடக்கே முப்பது மீட்டர்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் எலுமிச்சை ஊறுகாய் வைத்திருந்த தட்டு, ஒரு வருடத்துக்கு என் மனைவியின் ஆராய்ச்சிக்குப் போய்விட்டது. அந்தத் தட்டில் வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட், அதற்குள் அரிசி மணி அளவில் வெளிறிப்போன ஏதோ ஒன்று. விருந்துக்கு வந்த அவளுடைய அண்ணன் ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாப்ள, இது என்ன, ஓமமா?" என்றார். "இல்ல, உங்க தங்கச்சி வளர்க்கிற பிள்ளைங்க" என்றேன். அன்றைக்கு அவர் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நான் தி.நகரில் சேலைக் கடை வைத்திருப்பவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆரம்பித்த கடை. ஷட்டரைத் தூக்கியதும் தரையில் ஒரு நூல் கிடந்தாலும் எனக்குத் தலைக்கு ஏறிவிடும். வீட்டிலும் அப்படித்தான். அடையாறில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கீழே ஒரு குழாய் உண்டு. கடற்கரைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் அதில் கால் கழுவி, செருப்பைத் தட்டிவிட்டுத்தான் மேலே வர வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இருபத்திரண்டு வருடமாக இது என் சட்டம். அந்தக் குழாய்க்கு என் மகள் 'சுங்கச்சாவடி' என்று பெயர் வைத்திருந்தாள்.

அப்படிப்பட்டவன் கடற்கரையைச் சும்மா விடுவேனா? ஞாயிறு காலையில் கடற்கரையைச் சுத்தம் செய்ய ஒரு கூட்டம் சேர்த்திருந்தேன். இருபத்தைந்து பேர். பெரும்பாலும் கடைக்காரர்கள், ஞாயிறு மத்தியானம்தான் கடை திறக்கிறவர்கள். ஆடித் தள்ளுபடிக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் தொப்பிகளை ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். நீளக் கைப்பிடி வைத்த இரும்பு வாரிகள் பன்னிரண்டு, சாக்குகள், என் கழுத்தில் ஒரு விசில். நாங்கள் போன பிறகு அந்த மணலைப் பார்த்தால் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். அப்படி ஒரு பெருமை எனக்கு.

என் மனைவி ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். கல்யாணமான புதிதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். மகள் பிறந்த வருடம் அதை விட்டாள். நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை. தொடரச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை, அந்த யாரில் முதல் ஆள் நான். மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வயது வந்ததும் மறுபடி பதிவு செய்தாள். இந்த முறை பல்கலைக்கழகம் இரண்டு தடவை கால நீட்டிப்புக் கொடுத்துவிட்டது, மூன்றாவது கிடையாது என்று கடிதத்திலேயே எழுதிவிட்டார்கள். கடற்கரையில் ஒரே இடத்தில் மாதம் ஒருமுறை என்று பன்னிரண்டு மாதம், குப்பிகளில் இருந்த அந்தப் பிராணிகளை எண்ண வேண்டும். பன்னிரண்டும் இருந்தால்தான் ஆய்வேடு. ஒன்று கெட்டாலும் இன்னொரு வருடம் வேண்டும். அந்த ஒரு வருடம் அவளிடம் இல்லை.

முதல் மாதம் எண்ணப் போனபோது துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். துணைக்கு என்பது மரியாதைக்குச் சொன்னது, மூட்டை தூக்க ஆள் வேண்டும். விடிவதற்கு முன்னால், ஆறு கடலில் சேரும் பக்கமாக, மணல் இன்னும் சில்லென்று இருக்கும் நேரம். என் கடையிலிருந்து ஒரு சுருள் வெள்ளை மல் துணியும், துணி அளக்கும் மீட்டர் கோலும் கேட்டு வாங்கியிருந்தாள். கோலை வைத்து மணலை அளந்தாள். அலை கொண்டுவந்து ஒதுக்கிய பாசி, சருகு, ஆகாயத்தாமரைத் தண்டு எல்லாம் கரை நெடுக ஒரு வரியாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வாரி எடுக்கும் அதே வரிதான்.

"ஏங்க, துணிய விரிங்க."

விரித்தேன். அந்தப் பாசியில் ஒரு கை அள்ளி, துணிமேல் உதறினாள். அடேங்கப்பா. துணி முழுக்க எள்ளும் அரிசியும் பொரிந்த மாதிரி படபடவென்று துள்ளியது. ஒன்று என் மூக்கில் வந்து மோதியது. நான் பின்னால் சாய்ந்து மணலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடமாகியிருந்தது.

"ஒண்ணும் பண்ணாது. கடிக்கவே தெரியாது அதுக்கு" என்றாள். "பூச்சியே இல்லைங்க இது. இறாலுக்குச் சொந்தக்காரன். கரைக்குக் குடி வந்துட்டான், அவ்வளவுதான்."

மணல்துள்ளி என்று நாங்கள் வீட்டில் பெயர் வைத்தோம். பக்கத்துக் குப்பத்தில் துள்ளுப்பூச்சி என்றார்கள். பக்கவாட்டில் அமுக்கி விட்டதுபோல் தட்டையான உடம்பு, மணல் நிறம், மிளகைக் கிள்ளி வைத்ததுபோல் கண். வாலை வயிற்றுக்கடியில் மடக்கி வைத்திருக்கும், ஆபத்து என்றால் அதைச் சட்டென்று நிமிர்த்தி மணலை உதைக்கும், அந்த உதையில் தன் நீளத்தைப்போல் பல மடங்கு தூரம் போய் விழும். எங்கே விழும் என்று அதற்கே தெரியாது. பகல் முழுக்க ஈர மணலுக்குள் குழி பறித்துப் படுத்திருக்கும், ஏனென்றால் செவுளால் மூச்சு விடுகிற ஜீவன், காய்ந்தால் செத்துப்போகும். இருட்டியதும் மேலே வந்து, அலை ஒதுக்கியதைத் தின்னும். நாம் குப்பை என்று சொல்வதுதான் அதற்கு விருந்து. அது பாசியைக் கடித்துத் துண்டாக்கி மண்ணோடு மண்ணாக்குகிறது. விடியற்காலையில் குறுகுறுவென்று ஓடிவருகிற உள்ளான் குருவி அதைக் கொத்திக்கொண்டு போகிறது. காய்ந்த மணலில் விட்டால் ஈரம் தேடிக் கடல் பக்கம் போகும், தண்ணீரில் விட்டால் கரைப் பக்கம் வரும், சூரியனைப் பார்த்தே திசை பிடிக்கும் என்று அவள் சொன்னபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் முப்பது வருடமாகத் தி.நகரில் கடை வைத்திருந்தும், காலையில் வண்டியை எங்கே விட்டேன் என்று தினமும் சாயங்காலம் தேடுகிறவன்.

பூதக்கண்ணாடியில் ஒரு பெண் துள்ளியைக் காட்டினாள். வயிற்றுக்கடியில் ஒரு பை, பைக்குள் முட்டைகள். "மத்ததுங்க மாதிரி முட்டைய கடல்ல மிதக்க விடாது. பொரிக்கிற வரைக்கும் தூக்கிக்கிட்டே திரியும். வெளிய வர்ற குட்டி அம்மா மாதிரியே இருக்கும், என்ன, சின்னதா இருக்கும்." அந்தக் காலை வெளிச்சத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு நாள் இதை எங்கே வைத்திருந்தாள் என்று தோன்றியது.

அதற்காக நான் உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வாரியைத் தூக்குவதை நான் விடவில்லை. இரண்டு பேரும் வீட்டில் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். அவளுடைய முப்பது மீட்டரை என் ஆட்கள் தொடக் கூடாது, மீதிக் கரையில் அவள் வாயைத் திறக்கக் கூடாது. அவள் அதற்குச் சம்மதித்தது எனக்கே ஆச்சரியம்தான். பட்டம் கிடைக்கட்டும், அப்புறம் உங்களைக் கவனித்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் வைத்திருந்தாள் என்று இப்போது தெரிகிறது.

அந்த முப்பது மீட்டருக்கு எல்லை போடுவதுதான் பெரும்பாடு. நான்கு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினாள். அன்று சாயங்காலமே அவை கிரிக்கெட் ஸ்டம்புகளாகிவிட்டன. மறுபடி நட்டாள், மறுபடி ஸ்டம்ப். மூன்றாவது முறை நான்கையும் நட்டபோது, அங்கே விளையாடும் கல்லூரிப் பையன்களில் ஒருவன் வந்து, "ஆன்ட்டி, ரெண்டு பக்கமும் சேர்த்து ஆறு வேணும், இன்னும் ரெண்டு கெடைக்குமா?" என்று கேட்டானாம். அதோடு குச்சியை விட்டாள். மேட்டில் எப்போதும் கவிழ்ந்து கிடக்கும் ஒரு நீலப் படகையும், சாலையோரத்தில் சாய்ந்து நிற்கும் ஒரு விளக்குக் கம்பத்தையும் அடையாளமாக வைத்துக்கொண்டாள். படகுக்கு நேரே தொடங்கி வடக்கே முப்பது மீட்டர், நடுவில் விளக்குக் கம்பம். இரண்டையும் எனக்குச் சொன்னாள். நான் படகை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொண்டேன்.

பதினோரு எண்ணிக்கை முடிந்தது. பன்னிரண்டாவது ஒரு திங்கட்கிழமை விடியற்காலை. அதற்கு முந்தின நாள் ஞாயிறு. அவள் வீட்டில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள், நான் விசிலோடு கிளம்பினேன்.

அன்றைக்குப் போல் நாங்கள் ஒருநாளும் வேலை செய்ததில்லை. நீலப் படகைப் பார்த்ததும் விசிலை ஊதி, "இதுக்கு வடக்க முப்பது மீட்டர் யாரும் கால் வைக்கக் கூடாது, எங்க வீட்டு அம்மா இடம்" என்று எல்லோரையும் தள்ளி நிறுத்தினேன். படகுக்குத் தெற்கே மணலை வழித்து எடுத்தோம். பதினான்கு சாக்கு நிரம்பியது. ஏழரை மணிக்கு எல்லோரும் வரிசையாக நின்று கட்டை விரலைத் தூக்கிப் படம் எடுத்தோம். பெருமை தாங்காமல் அந்தப் படத்தை அவளுக்கு அனுப்பினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்தது: 'உங்க பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க.'

திரும்பிப் பார்த்தேன். சாய்ந்த விளக்குக் கம்பம்.

படகின் நிழலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த படகுக்காரரிடம் ஓடினேன். "அண்ணே, படகு இங்கயா இருந்துச்சு?"

"இல்ல சார், தெக்கால அந்தாண்ட கெடந்துச்சு. பெயிண்ட் அடிக்கணும்னு நேத்து இப்டி இழுத்துக்கினு வந்தோம்" என்றவர், என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஒரு மாரி கீற?" என்றார்.

சாக்குகள் அதற்குள் சாலைக்குப் போயிருந்தன. மாநகராட்சி வண்டி வந்து நின்று, இரண்டு சாக்கை ஏற்றியும் விட்டார்கள். நான் ஓடினேன். நான் ஓடிப் பல வருடமாகிறது, வழியில் ஒரு செருப்பு போயிற்று. என் கூட்டத்தில் ஆழ்வார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் உண்டு, எங்கள் கடைச் சேலைக்கெல்லாம் ரவிக்கை தைப்பவர். விஷயம் என்னவென்றே தெரியாமல் அவர் எனக்கு முன்னால் ஓடிப்போய் வண்டிக்குக் குறுக்கே நின்றுவிட்டார். பதினான்கு சாக்கும் திரும்பி மணலுக்கு வந்தன.

அவள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் இன்னும் சிவப்புப் பேனா. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். இஸ்திரி போட்டதுபோல் கிடந்த தன் முப்பது மீட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாளைக்குக் கடைசி எண்ணிக்கைங்க" என்றாள். அவ்வளவுதான். முதல் தடவை விட்டதற்கும் நான்தான் காரணம், இப்போதும் நான்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்து நான்கு பேர் முன்னால், மஞ்சள் தொப்பியோடு, ஒற்றைச் செருப்போடு நின்று அழுதேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு சாக்கைப் பிரித்துக் கையை உள்ளே விட்டாள். கை முழுக்கத் துள்ளிகள் ஏறின.

"உயிரோட இருக்கு. வெயில் ஏறினா எல்லாம் போயிடும். அழுகைய அப்புறம் வச்சுக்கலாம், கார்ல மல் துணி இருக்கா?"

கடைக்குப் போக வேண்டிய இரண்டு சுருள் இருந்தது. கடல் தண்ணீரில் நனைத்து விரித்தோம். சாக்குகளை அதன்மேல் கொட்டி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, துள்ளிகளைப் பொறுக்கி ஈரமணல் போட்ட வாளிகளில் விட்டோம். எண்ணிக்கொண்டே விடச் சொன்னாள். கடைக்காரர்களுக்கு எண்ணச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? துணி மடிப்பு எண்ணுகிற ராகத்தில் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "அண்ணே, இது ரெண்டு தரம் என்கிட்ட வருது, கழிச்சுக்கோங்க" என்றார் பாய். ஒருவர் சட்டைக்குள் ஒன்று புகுந்து, அவர் எழுந்து ஆடிய ஆட்டத்தில் ஒரு வாளியே சாய்ந்தது. அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, ஆனால் என்னைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

வேலை முடிகிற நேரத்தில்தான் அவள் அதைக் கேட்டாள்.

"படகுக்கு வடக்க முப்பது மீட்டர் தொடாம விட்டீங்கல்ல?"

"விட்டேன். ஒரு ஆள் கால் வைக்கல."

"எந்தப் படகுக்கு வடக்க?"

கையைக் காட்டினேன். படகு இப்போது கிடந்த இடத்திலிருந்து வடக்கே, அலை ஒதுக்கிய வரி கலையாமல் அப்படியே கிடந்தது. அவளுடைய இடத்துக்கு அடுத்த இடம். நான் என் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது தப்பான முப்பது மீட்டரைத்தான். ஆனால் காப்பாற்றியிருந்தேன்.

அங்கேயே நின்று தன் வழிகாட்டிப் பேராசிரியரைக் கூப்பிட்டாள். அந்த அம்மாவின் குரல் வாளிக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "நாளைக்கு அந்தப் பக்கத்து இடத்துல எண்ணு. நடந்தத ஒரு எழுத்து விடாம எழுது. கூட்டின இடத்தையும் ஒரு மாசம் தினம் போய்ப் பாரு, எப்ப திரும்பி வருதுன்னு தெரியட்டும். இப்படி ஒரு இடத்தப் பெருக்கிப் பார்க்கிறேன்னு நீ கேட்டிருந்தா நான் விட்டிருக்கவே மாட்டேன், இப்ப அது தானா நடந்திருக்கு. ஏத்துக்குவாங்களான்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

வாளித் துள்ளிகளை இரண்டு இடத்துக்கும் அப்பால், தெற்கே வெகு தூரம் கொண்டுபோய் விடச் சொன்னாள். அவற்றின் சொந்த இடத்திலேயே விட்டால் கணக்கு கலைந்துவிடுமாம். மனசு கேட்காமல்தான் சொன்னாள், கடைசி வாளியைத் தன் கையாலேயே கவிழ்த்தாள்.

திங்கட்கிழமை விடியலில் பக்கத்து இடத்தில் துணியை உதறினோம், பொரிந்து தள்ளியது. பிறகு நான் பெருக்கிய இடத்துக்கு வந்து மணலைத் தோண்டிச் சலித்தோம். மொத்தம் ஏழு. முப்பது மீட்டருக்கு ஏழு. அவள் நோட்டில் அதை எழுதும்போது நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த மாதம் முழுக்க விடியலில் அவளோடு போனேன். கடையை என் தம்பி திறந்தான், தரையில் நூல் கிடந்ததா என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாள் ஒன்றும் மாறவில்லை. அப்புறம் ஒரு பெரிய அலை நாளில் புதிதாகப் பாசி ஒதுங்கியது. மறுநாள் இருபது. துள்ளிக்குப் பறக்கத் தெரியாது, முட்டை கடலில் மிதந்து வந்தும் குடியேறாது, ஆகவே வருகிறதெல்லாம் பக்கத்து இடத்திலிருந்து துள்ளித் துள்ளித்தான் வர வேண்டும். நான் தப்பாகக் காப்பாற்றிய இடத்திலிருந்து என் தப்புக்குள் வந்துகொண்டிருந்தன. இரண்டாவது வாரத்தில் உள்ளான்கள் அந்த எல்லையைத் தாண்டி வந்து கொத்த ஆரம்பித்தன. ஒருநாள் நானே பூதக்கண்ணாடியில் பார்த்து, "ஏய், பை" என்றேன். பெருக்கிய இடத்தில் முட்டைப் பையோடு ஒரு பெண் துள்ளி. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அந்தத் தோளை அவள் உடனே விடவில்லை.

வாரிகளை அதோடு விட்டோம். இப்போது என் கூட்டம் பிளாஸ்டிக்கை மட்டும் கையால் பொறுக்குகிறது. கைப்பிடிகளை அறுத்து ஸ்டம்புகளாக்கி அந்தக் கிரிக்கெட் பையன்களுக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் நட்ட குச்சிகளை யாரும் பிடுங்கவில்லை.

ஆய்வேட்டைக் கடைசி நாளுக்கு முன்னால் கொடுத்துவிட்டாள். ஏற்பார்களா என்பது வாய்மொழித் தேர்வில்தான் தெரியும். அதை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றதும் என் ஆட்கள் மொத்தமும் தொப்பியோடு வந்து பின்வரிசையை நிரப்பிவிட்டார்கள். படகுக்காரர்கூட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பக்கங்களைப் புரட்டி, பன்னிரண்டாம் மாதத்தில் நிறுத்தினார். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் தமிழுக்கு மாறினார்.

"இவ்வளவு கவனமா செஞ்சிருக்கீங்க. கரையைப் பெருக்கினவங்கள உங்களால தடுக்க முடியலையா?"

நான் தொப்பியைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"இருபத்திரண்டு வருஷமா முயற்சி பண்ணிக்கிட்டுத்தான் சார் இருக்கேன்" என்றாள். "பின்னால, அந்த ஓரத்துல உக்காந்திருக்காரு."

அரங்கமே திரும்பியது. நான் தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து கும்பிட்டேன். தேர்வாளர் சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு அந்த அத்தியாயம்தான் இந்த ஆய்வேட்டிலேயே சிறந்தது என்று சொல்லி, கையெழுத்துப் போட்டார்.

அங்கிருந்து நேரே கடற்கரைக்குப் போகச் சொன்னாள். எங்கள் கடைப் பட்டுச் சேலையோடு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வெயில் தாழ்ந்து இருட்டப் போகும் நேரம் பாசிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் துள்ள ஆரம்பித்ததும்தான் எழுந்தாள். வீட்டுக்கு வந்து காரிலிருந்து இறங்கியவள், பழக்கத்தில் குழாய்ப் பக்கம் திரும்பினாள்.

"கழுவ வேண்டாம், மேல வா" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அப்படியே படியேறிப் போய், மணல் காலோடு கூடத்தின் நடுவில் நின்று, சேலை மடிப்பை உதறினாள். தரையெல்லாம் மணல். கதவோரத்தில் இருந்த துடைப்பத்தை எடுத்து, பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்து, அவள் பக்கத்தில் அந்த மணலிலேயே உட்கார்ந்துகொண்டேன்.